அம்மாவோட பழைய சேலையில போர்வை தைக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தென்பெண்ணை
திங்கள், இரவு 9.40

அம்மா போன ஆடியில தவறிட்டாங்க. ஊர் ராயக்கோட்டை பக்கம். பீரோவுல அவங்க சேலையெல்லாம் அப்படியே இருக்கு. வாயில், சுங்குடி, கோ-ஆப்டெக்ஸ்ல எடுத்த பருத்தி கொஞ்சம், மீதி பாலியஸ்டர். பட்டு தனி. அதை அண்ணியும் நானும் பேசி எடுத்துக்கிட்டோம், அதுல ஒரு வம்பும் இல்ல. வம்பு எல்லாம் தினப்படி கட்டின சேலையிலதான்.

அத்தை முதியோர் இல்லத்துக்குக் குடுத்துடுங்கறாங்க. பக்கத்து வீட்டு ஆயா, செத்தவங்க துணி வீட்டுல இருந்தா ஆகாதுங்குது. எனக்கு வேற யோசனை. அம்மா பழைய சேலையை அடுக்கி, கையாலயே ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை தைப்பாங்க. எங்க ஊர் தெலுங்கு வீடுகள்ல பொந்தைன்னுவாங்க, ஓசூர் பக்கம் கன்னடக்காரங்க கவுதின்னுவாங்க. பேரன் பேத்தி ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒண்ணு உண்டு. அப்பா இப்ப தனியா இருக்கார். மார்கழிக்குள்ள அம்மா சேலையிலயே அவருக்கு ஒண்ணு தைக்கணும்னு இருக்கேன்.

எத்தனை சேலை பிடிக்கும்? மெஷின்ல முடியுமா, கையாலதான் தைக்கணுமா? அப்புறம் இந்தச் சாங்கியம். உங்க வீட்டுல யாராவது இப்படி செஞ்சிருக்கீங்களா?

அம்மா தைக்கறப்ப எனக்குக் கிடைச்ச வேலை ஊசியில நூல் கோக்கறது மட்டுந்தான். அதனால ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.


ராகிக்களி
திங்கள், இரவு 9.52

இப்ப நல்ல கம்பளியே வீட்டு வாசலுக்கு வருது. அப்பாவுக்கு வாங்கிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க அக்கா.


கோணிஊசி
திங்கள், இரவு 10.35

மேல சொன்னவர் கம்பளியே போத்திக்கட்டும். நான் ஓசூர்ல தையல் கடை வச்சிருக்கேன், இதுக்குப் பதில் சொல்லாம தூக்கம் வராது.

முதல்ல சேலையைப் பிரிச்சு எடுங்க. பருத்தி, வாயில், சுங்குடி ஒரு பக்கம். பாலியஸ்டர் ஒரு பக்கம். பாலியஸ்டரை உள்ள வைக்காதீங்க. வழுக்கும், ஒரு அடுக்கு ஒரு பக்கம் போகும், தையல் போட்டப்புறம் உள்ளயே சுருண்டு முடிச்சு முடிச்சா நிக்கும். வேர்வையும் உறிஞ்சாது. ஜரிகைக் கரை இருந்தா அதையும் மேல வராம மடிச்சு உள்ள தள்ளுங்க, வயசானவங்க தோல்ல உரசும்.

கணக்கு இதுதான். சேலை அஞ்சரை மீட்டர். மூணா மடிச்சா சரியா ஆறடி நீளம். பன்னா 45 இன்ச், அதாவது நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. கீழ விரிச்சுப் படுக்க அந்த அகலம் போதும். போத்திக்கப் போதாது, புரண்டா முதுகு வெளிய வந்துடும். போர்வைன்னா ஆறுக்கு அஞ்சு அடி வேணும். அதுக்கு மூணு சேலையை ஒண்ணோட ஒண்ணு ஓரம் ஏத்திப் போட்டா ஆறு ஏழு அடுக்கு வரும். எடை ஒண்ணு, ஒண்ணரை கிலோ. நாலு சேலைன்னா இன்னும் கதகதப்பு, ஆனா நனைஞ்சா அப்பாவால தூக்க முடியாது.

கவனிச்சீங்களா, இதுல கத்திரியே வரல. முழுச் சேலையை மடிக்கறதோட சரி. துண்டு துண்டா வெட்டி ஒட்டறது வேற வகை, அதுக்குப் பொறுமை வேற மாதிரி வேணும்.

மெஷின் வேணாம். ஆறு அடுக்கு ஏறினா வீட்டு மெஷின்ல பாதம் தூக்காது. தூக்கினாலும் கீழ் அடுக்கை மட்டும் பல் இழுத்துக்கிட்டு ஓடும், மேல் சேலை பின்னாடி தங்கிடும், கடைசியில ஒரு மூலையில அரையடி சுருக்கம் நிக்கும். போன வருஷம் ஒரு அம்மா வேற கடையில மெஷின் போட்டு வாங்கிட்டு வந்து என்கிட்ட அழுதாங்க. பிரிக்கவே ரொம்ப நாள் ஆச்சு.

கையால எப்படின்னா: ராத்திரியே துவைச்சுக் காய வச்சதை, சிமெண்ட் தரையில சுருக்கம் இல்லாம விரிங்க. நாலு மூலைக்கும் கல்லோ அம்மிக் குழவியோ வைங்க. பெரிய பெரிய தையலா குறுக்கும் நெடுக்கும் டாக் போட்டுடுங்க, அப்பதான் தூக்கி மடியில வச்சுக்கலாம். அப்புறம் ஒரு விரக்கடை இடைவெளியில வரிசையா ஓட்டுத்தையல். நூலை மெழுகுல ஒரு தடவை இழுத்துட்டுக் கோருங்க, சிக்காது. ரொம்ப நீளமா கோக்காதீங்க, ஒரு கை நீட்டம் போதும்.

சாங்கியத்துக்கு நான் ஆள் இல்ல.


பாலக்கோடு வாத்தியார்
செவ்வாய், காலை 6.15

சாங்கியம் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இறக்கும்போது உடுத்தியிருந்த துணி வேறு, துவைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்த துணி வேறு. முதலாவது அன்றைக்கே போய்விடுகிறது. இரண்டாவதை வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் மகள்களும் மருமகள்களும் ஆளுக்கொன்றாக எடுத்து உடுத்தினார்கள். ஆகாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் தலைத்திவசம் முடியும்வரை எதையும் பிரிக்காமல், கலைக்காமல் வைத்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். ஒரு வருடம் என்பது சாங்கியத்துக்காக மட்டும் அல்ல. துக்கத்தில் எடுத்த முடிவை ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ள நினைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவசரம் வேண்டாம் அம்மா.


ஊத்தங்கரை எக்ஸ்பிரஸ்
செவ்வாய், காலை 7.02

வாத்தியார் ஐயா, மார்கழி ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருக்காதே. குளிரப் போறது அவங்க அப்பாவுக்கு.

அந்த 'ஆகாது' கதைக்கு ஒரு கேள்வி. நம்ம பக்கம் கல்யாணம் வச்சா முதல்ல யாருக்குப் படைக்கிறோம்? பூவாடைக்காரிக்கு. யார் அவ? வீட்டுல பூவும் பொட்டுமா செத்துப்போன பொம்பளை. அவளுக்குச் சேலை வச்சு, பொங்கல் வச்சுக் கும்பிட்டுட்டு, எங்க வீட்டுல அந்தச் சேலையை வீட்டுப் பொண்ணுதான் கட்டிக்கும். செத்தவ பேர்ல இருக்கற சேலை வீட்டுக்குள்ள வந்தா நல்லதுன்னு கும்பிடறவங்களே, அவ நிஜமா கட்டின சேலை ஆகாதுன்னா என்ன நியாயம்?


பாலக்கோடு வாத்தியார்
செவ்வாய், காலை 7.20

படைப்பது புதுச்சேலை. உடுத்தியது அல்ல. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.


ஊத்தங்கரை எக்ஸ்பிரஸ்
செவ்வாய், காலை 7.24

படைச்சப்புறம் அது அவளோடதுதானே ஐயா? சரி விடுங்க, காலையில எதுக்கு.


தளி மேடு
செவ்வாய், மதியம் 1.10

நான் தளி. குளிர்னா என்னன்னு எங்களைக் கேளுங்க. இங்க கார்த்திகை மார்கழியிலதான் ராகி முத்தி அறுப்புக்கு வரும், அப்பதான் யானையும் வரும். பன்னேர்கட்டா பக்கமிருந்து இறங்கி ஜவளகிரிக் காட்டு வழியா வருஷா வருஷம் வருது. ராத்திரி முழுக்கப் பரண் மேல உட்கார்ந்து காவல். என் தாத்தா காலத்துல தகரம் தட்டிக்கிட்டு, இப்ப டார்ச்சு, பட்டாசு.

பரணுக்குப் போகும்போது ரெண்டு கொண்டு போவாங்க. உள்ள சேலைப் போர்வை, அதுக்கு மேல குறும்பர்கிட்ட வாங்கின கறுப்புக் கம்பளி. தனியா எது போனாலும் பிரயோஜனம் இல்ல. ஆட்டு மயிர்க் கம்பளி பனியைத் தாங்கும், ஆனா கழுத்துல பட்டா அரிப்பு பிடுங்கும். சேலைப் போர்வை மெத்துனு இருக்கும், ஆனா பனி இறங்கினா நனைஞ்சு போயிடும். அடுக்கு அடுக்கா இருக்கறதால நடுவுல காத்து நிக்குது, அதுதான் சூடு. ஒரே தடியான ஜமுக்காளத்துக்கு அந்தச் சூடு கிடையாது.

அதனால ராகிக்களி தம்பி சொல்ற கம்பளியும் வாங்குங்க, அதுக்குள்ள அம்மா சேலையும் இருக்கட்டும். ராயக்கோட்டை எங்க அளவுக்குக் குளிராது, ஆனா வயசான உடம்பு.

எங்க அவ்வா போர்வையை மூடித் தைக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு பிடி ராகி போடுவாங்க. கேட்டா, வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னுவாங்க. எலி வரும்னு தாத்தா திட்டுவார். எலியும் வந்துச்சு.


சிவப்புச்சட்டை
செவ்வாய், இரவு 11.48

எல்லாரும் அழகா எழுதறீங்க. நான் கொஞ்சம் கசப்பா எழுதறேன், மன்னிக்கணும்.

நான் பென்னாகரம். எங்க வீட்டுல இதை யாரும் ஆசைக்குத் தைக்கல. கம்பளி வாங்கக் காசு இல்ல, தைச்சாங்க. அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவாங்க. மானாவாரி பூமி, மழை ஏமாத்தினா எங்க பக்கம் பாதி ஊர் அங்கதான் இருக்கும். கட்டற கட்டடத்துக்குப் பக்கத்துலயே தகர ஷெட்டு. சிமெண்டுச் சாக்கை உதறிக் கீழ விரிச்சு, அது மேல இந்தப் போர்வை. ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, நடுவுல நாங்க மூணு பேர்.

மேலயும் கீழயும் பார்த்தாத்தான் அது சேலை. அடிப்பக்கம் பொங்கலுக்கு ரேஷன் கடையில குடுத்த இலவசச் சேலை. எம்.ஜி.ஆர். 1983-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டம் எத்தனை வீட்டுக்குப் போர்வையாச்சுன்னு யாரும் கணக்கு எடுத்திருக்க மாட்டாங்க. நடுவுல என்ன இருக்கும் தெரியுமா? அப்பாவோட லுங்கி, கிழிஞ்ச பாவாடை, துண்டு, என்னோட பள்ளிக்கூட காக்கி டவுசர். டவுசரைப் பிரிக்கக்கூட அம்மாவுக்கு நேரம் இல்ல, அப்படியே தட்டையாக்கி வச்சுத் தைச்சுட்டாங்க. இருட்டுல கையால தடவினா அந்த பாக்கெட்டோட ஓரம் தட்டுப்படும். நான் அதைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டுத்தான் தூங்குவேன்.

ஆனா அதே போர்வை மழையில நனைஞ்சா காயாது. ஷெட்டுல எங்க காயப் போடறது? நாலு நாள் ஈர வாடையோட அதையே போத்திக்கிட்டோம். தையல் சந்துல மூட்டைப்பூச்சி. வெந்நி ஊத்தினாத்தான் சாகும், வெந்நி வைக்க விறகு. பத்தாவது முடிச்சு ஹாஸ்டலுக்குப் போனப்ப எல்லாப் பசங்களும் கடைப் போர்வை கொண்டு வந்திருந்தாங்க. நான் இதைப் பெட்டியைவிட்டு எடுக்கவே இல்ல. குளிர்ல சட்டை மேல சட்டை போட்டுக்கிட்டுத் தூங்கினேன்.

இப்ப அதையே பெங்களூர்ல கண்ணாடி போட்ட கடையில தொங்க விட்டு, பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டி, ஆயிரக்கணக்குல விக்கிறான். போன மாசம்கூட பார்த்தேன். தைச்சவளுக்கு அதுல எவ்வளவு போச்சுன்னு சீட்டுல போடல.

தென்பெண்ணை அக்கா, நீங்க தைக்கறதைக் குறை சொல்லல. உங்க அம்மாவோடது. தைங்க.


பெங்களூரு வாரக்கடைசி
புதன், காலை 9.30

சிவப்புச்சட்டை அண்ணா, நீங்க திட்டற அந்த வேலைக்குப் பக்கத்துலதான் நான் இருக்கேன். துணி வடிவமைப்பு படிச்சேன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி. உங்க கேள்வி நியாயம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல தென்பெண்ணை அக்காவுக்கு. செத்தவங்க துணியில போர்வை தைக்கறது உலகத்துல உங்களுக்கு மட்டும் வந்த யோசனை இல்ல. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு சின்ன ஊர். அடிமையா வாழ்ந்தவங்களோட வம்சம், பருத்திக்காட்டுக் கூலிகள். அங்க மிசூரி பெட்வேன்னு ஒரு அம்மா 1942-ல புருஷன் செத்ததும், அவர் காட்டுல உழைச்ச பழைய துணியையெல்லாம் எடுத்துப் போர்வையா தைச்சாங்க. அவரை நெனச்சுக்கிட்டு, அந்தப் பாசத்துல போத்திக்கிட்டுப் படுக்கணும்னு சொன்னதா அவங்க பொண்ணு பின்னால சொல்லியிருக்காங்க. முட்டிக்கால் இடம் வெளுத்துப் போனது, அழுக்குக் கறை, எல்லாம் அப்படியே இருக்கும். 2002-ல நியூயார்க் விட்னி மியூசியத்துல அந்த ஊர்ப் போர்வைகளைச் சுவத்துல மாட்டினாங்க.

நம்ம பக்கத்துலயே, உத்தர கன்னட மாவட்டத்துல, ஆப்பிரிக்காவுலருந்து வந்த சித்திங்கற இனத்து மக்கள் இருக்காங்க. அந்தப் பொம்பளைங்க தைக்கற கவந்தி ஓரத்துலருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வரும். நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணி அடுக்கு வைப்பாங்க, பூன்னு பேர். அது இல்லாத போர்வை அம்மணமா இருக்கற மாதிரின்னுவாங்க.


சிவப்புச்சட்டை
புதன், காலை 9.41

சுவத்துல மாட்டினதும் அந்த ஊருக்கு ரோடு வந்துச்சா தம்பி?


பெங்களூரு வாரக்கடைசி
புதன், காலை 10.05

தம்பி இல்லண்ணா, தங்கச்சி. பேர் வந்த அளவுக்குப் பணம் வரலன்னு அந்த ஊர்க்காரங்களே சிலர் கோர்ட்டுக்குப் போனாங்க, பின்னால சமாதானமாச்சு. அதனால உங்க கோபத்துல தப்பே இல்ல.

என் பக்கத்து நியாயம் ஒண்ணே ஒண்ணு. ஒரு போர்வையைக் கையால ஓட்ட மாசக் கணக்கு ஆகுது. விலை கம்மியா வச்சா அது தைச்சவ வயித்துலதான் அடிக்கும். விலை ஏறினது தப்பில்ல. ஏறின காசு எங்க நின்னுச்சுங்கறதுதான் பிரச்சினை.


அரூர் பஸ் ஸ்டாண்டு
புதன், மாலை 5.50

காசு தைச்சவங்க கைக்கே போற இடமும் நம்ம மாவட்டத்துலயே இருக்கு, அதையும் சொல்லணும். அரூர்லருந்து சிட்லிங்கி போங்க. ரெஜி, லலிதான்னு டாக்டர் தம்பதி 1993-ல அங்க வந்து சின்னதா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அந்தப் பள்ளத்தாக்குல லம்பாடி மக்களோட குடியிருப்பு இருக்கு, தாண்டான்னுவாங்க. லம்பாடிப் பொம்பளைங்க சேலை கட்ட ஆரம்பிச்சப்புறம் பழைய பாவாடையும் போச்சு, அதுல போடற தையலும் போச்சு. வயசான சில பொம்பளைங்களுக்கு மட்டும் கை மறக்கல. அவங்ககிட்ட இளசுங்க உட்கார்ந்து திரும்பக் கத்துக்கிட்டு, போர்கைன்னு சொந்தமா ஒரு அமைப்பு வச்சு நடத்தறாங்க. நான் போனப்ப கைக்குழந்தையை ஏணையில ஆட்டிக்கிட்டே ஒரு பொண்ணு ஊசி போட்டுக்கிட்டு இருந்துச்சு. மெட்ராஸ்ல கண்காட்சிக்குப் போயிட்டு வந்த கதை சொல்லுச்சு.

அது பூத்தையல், நீங்க கேக்கற அடுக்குப் போர்வை இல்ல. கை மட்டும் ஒண்ணு.


நெறியாளர்
புதன், மாலை 6.30

ஒருவர் கடை விளம்பரமும் போன் நம்பரும் போட்டிருந்தார், நீக்கியிருக்கிறேன். தலைப்பை விட்டு விலகாமல் தொடருங்கள்.


வார்டு சிஸ்டர்
புதன், இரவு 8.20

அப்பாவுக்கு என்ன வயசுன்னு சொல்லல. ராத்திரி எழுந்து போற பழக்கம் உண்டா, அடக்க முடியாத தொந்தரவு உண்டா? கூச்சப்படாம யோசிங்க. ஏன்னா இந்தப் போர்வை ஒரு தடவை முழுசா நனைஞ்சா, அடுக்குக்குள்ள தண்ணி தேங்கி, மேல் காஞ்சாலும் உள்ள காயாது. வெயில் இல்லாத மாசத்துல ரெண்டு மூணு நாள் ஆகும். அந்த மாதிரி தொந்தரவு இருந்தா ரெண்டு சேலையில மெல்லிசா ஒண்ணு, இன்னொரு ரெண்டு சேலையில மெல்லிசா இன்னொண்ணு. மாத்தி மாத்தி துவைக்கலாம். குளிர்ல ரெண்டையும் சேர்த்துப் போத்திக்கலாம்.

மாசத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பக்கமும் நல்ல வெயில் காட்டணும். கல்லுல அடிக்காதீங்க, தையல் விட்டுடும். காலால மிதிச்சுத் துவைங்க.


தென்பெண்ணை
வியாழன், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. ஊருக்குப் போய் வந்தேன். சாங்கியம் ஆகுமா ஆகாதான்னு நாம இங்க பேசறோம், போத்திக்கப் போற மனுஷனை யாரும் கேக்கலன்னு பஸ்ல போகும்போதுதான் தோணுச்சு. அப்பாகிட்டயே நேரா கேட்டேன்.

முதல்ல ஒண்ணும் சொல்லல. களி தின்னு முடிச்சு, கையைக் கழுவிட்டு வந்து, "வெட்டுவியா?"ன்னார். வெட்டல, முழுசா மடிச்சுத்தான் தைப்பாங்களாம்னு சொன்னேன். "அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்"னார். அப்புறம் அவரே எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

எனக்கு இவ்வளவு நாள் தெரியாது: அம்மா தைக்கறதுக்குச் சேலை விரிக்கற வேலை எப்பவும் அப்பாவோடதாம். அவர் ஒரு முனை, அம்மா ஒரு முனை பிடிச்சு, உதறி, இழுத்துத் தரையில போட்டு, கல்லு வைக்கறதும் அவர்தான். நாங்க ஸ்கூல் போனப்புறம் நடக்கும் போல. எந்தச் சேலை நல்லா அடங்கும், எது தையலுக்கு வாங்காதுன்னு ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு ஒதுக்கினார். கோணிஊசி அக்கா சொன்ன அதே பிரிவினை. பாலியஸ்டரெல்லாம் ஒரு கட்டா கட்டி, "இதை உங்க அத்தை சொன்ன இடத்துக்குக் குடு"ன்னுட்டார். ஒரு ஊதா வாயில் சேலையை மட்டும் எடுத்து அவர் தலகாணிக்குக் கீழ வச்சுக்கிட்டார். அதைத் தைக்கக் கூடாதாம். ஏன்னு நான் கேக்கல.

வாத்தியார் ஐயா, தலைத்திவசம் வரை பொறுக்கலாமான்னும் கேட்டேன். "அவ என்னைக் குளிர்ல விட்டுட்டு உட்கார்ந்திருந்தாளா?"ன்னார். அதுக்கு மேல பேச்சு இல்ல.

வேற ஒரு நல்ல சேதி. அம்மாவோட சேர்ந்து தைச்ச ரெண்டு பேர் அதே தெருவுல இருக்காங்களாம். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க திண்ணையிலதான் கூடுவாங்க. அதுல ஒரு சின்னம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியல, ஆனா நூல் கோத்துக் குடுத்தா தைக்கறேன்னுச்சு. இன்னொருத்தங்க அளவு பார்த்துட்டு, "உங்க அப்பன் கால் நீளம், ஒரு சாண் கூடப் போடு"ங்கறாங்க.

சிஸ்டர், ரெண்டு மெல்லிசா தைக்கற யோசனை அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு. காரணம் சொல்லல, நானும் கேக்கல.


பாலக்கோடு வாத்தியார்
வெள்ளி, காலை 6.05

அவர் சொன்ன பிறகு நான் சொல்ல எதுவும் இல்லை. நல்ல நாள் பார்த்து ஆரம்பியுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.


சிவப்புச்சட்டை
வெள்ளி, காலை 8.15

அந்த ரெண்டு சின்னம்மாவுக்கும் காசு குடுக்கறீங்களா?


தென்பெண்ணை
வெள்ளி, காலை 8.40

கேட்டதுக்கே கோவிச்சுக்கிட்டாங்க. "உங்க அம்மா எங்களுக்குத் தைச்சதுக்கு நாங்க குடுத்தமா?"ன்னாங்க. சேலை எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கேன்.


சிவப்புச்சட்டை
வெள்ளி, காலை 8.52

சேலை வேணாம்னு சொல்லல, ஆனா கண்ணு தெரியாதவங்களுக்குக் கண்ணாஸ்பத்திரி செலவைப் பாருங்க. புரையா இருந்தா அரசாங்க ஆஸ்பத்திரியிலயே இலவசமா எடுத்துடறாங்க, கூட்டிட்டுப் போக ஆள்தான் இருக்காது. அது நூறு சேலைக்குச் சமம்.


வார்டு சிஸ்டர்
வெள்ளி, காலை 9.30

சரியான பேச்சு. காலையில சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, சர்க்கரை இருந்தா அந்தச் சீட்டும் கொண்டு வரணும். ஊசி போடறவங்களுக்குக் கண்ணு எவ்வளவு முக்கியம்.


கோணிஊசி
வெள்ளி, மதியம் 2.20

அக்கா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம், இதை அந்தச் சின்னம்மாக்களும் சொல்வாங்க.

சேலையில ஃபால்ஸ் தைச்சிருக்கும், அதை முழுக்கப் பிரிச்சு எடுத்துடுங்க. அது சுருங்கற அளவு வேற, சேலை சுருங்கற அளவு வேற. பிரிக்காம வச்சுத் தைச்சா முதல் துவையலுக்கே ஒரு ஓரம் நெளிஞ்சுடும்.

சுங்குடி சாயம் விடும். ஒரு முனையை நனைச்சு வெள்ளைத் துணியில அழுத்திப் பாருங்க. விட்டுச்சுன்னா அதைத் தனியா ரெண்டு மூணு தடவை துவைச்சு, தண்ணி தெளிவா வர்றவரைக்கும் மத்ததோட சேர்க்காதீங்க.

முந்தானை எல்லாம் ஒரே பக்கம் வர்ற மாதிரி அடுக்குங்க. அது தலைமாட்டுப் பக்கம். கால் பக்கம் போட்டா வீட்டுப் பெரியவங்களுக்குப் பிடிக்காது, அப்பாவும் கேப்பார்.


சிவப்புச்சட்டை
வெள்ளி, இரவு 9.05

கோணிஊசி அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். எங்க அம்மா போர்வை இன்னும் இருக்கு. ஊருக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மேல் சேலை இத்துப்போய் நூல் நூலா வருது, உள்ள காக்கி தெரியுது. முழுசா பிரிச்சு, புதுத்துணி வச்சுத் திரும்ப அடுக்கித் தைக்கணுமா?


கோணிஊசி
வெள்ளி, இரவு 9.30

பிரிக்காதீங்க அண்ணா. அத்தனை பழைய துணி தையலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது, பிரிச்சா கையோட வந்துடும். இத்துப்போன இடத்தை வெட்டவும் வேணாம். அதை விடப் பெரிசா ஒரு பழைய பருத்தித் துணி எடுத்து மேல போட்டு, நாலு ஓரமும் உள்ள மடிச்சு ஹெம்மிங் பண்ணுங்க. புதுத்துணி வேணாம், விறைப்பு பழசை இழுத்துக் கிழிச்சுடும். அப்புறம் அம்மா போட்ட தையல் எந்தத் தடத்துல போகுதோ அதே தடத்துல ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே வாங்க. அடிப்பக்கம் பார்த்தா தடம் தெரியும். மெல்லிசு ஊசி, ரெண்டிழை நூல் போதும். கடைக்குக் கொண்டு வந்தீங்கன்னா ஆரம்பிச்சுக் காட்டறேன், மீதியை நீங்களே போட்டுக்கலாம்.